சுக்கானும் சொல்லும்

மாட்டு வண்டியில் சென்று பழகியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நுகத்தில் பூட்டிய இரண்டு காளைகளில் வலப்பக்கத்துக் காளையை வலத்தை என்றும், இடப்பக்கத்துக் காளையை இடத்தை என்றும் வழங்குவர். வண்டிக்காரர் பின்புறம் திரும்பி அமர்ந்து, உள்ளே இருப்பவரோடு உரையாடிக்கொண்டே வந்தாலும் வலத்தை மாடு வலத்தை மாடாகவே இருக்கும். அது அவருடைய இடக்கைப் பக்கமாகிவிட்டது என்பதற்காக இடத்தை ஆகிவிடாது. ஏனெனில், அந்தப் பெயர் வண்டிக்காரரின் உடம்பை வைத்து இட்ட பெயர் அன்று. வண்டியை வைத்து இட்ட பெயர்.

கப்பலும் அத்தகையதே. வண்டியை ஓட்டுபவர் ஒருவர். கப்பலை ஓட்டுபவரோ பலர். ஒருவர் முன்னோக்கி நிற்பார். மற்றொருவர் பின்னோக்கி நின்று கயிறு இழுப்பார். இன்னொருவர் பாய்மரத்தின் உச்சியில் இருப்பார். வேறொருவர் கீழ்த்தளத்தின் இருளில் இருப்பார். நள்ளிரவில், காற்று அலறும் வேளையில், 'வலப்பக்கம்' என்று ஒருவர் கூவினால், யாருடைய வலப்பக்கம் என்னும் ஐயம் ஒரு நொடி எழுந்தாலும் போதும். அந்த ஒரு நொடியிலே கப்பல் பாறையில் மோதிவிடக்கூடும். ஆகவே, கடலோடிகள் தத்தம் உடம்பின் வலத்தையும் இடத்தையும் கரையிலேயே விட்டுவிட்டு, கப்பலுக்கென்றே ஒரு வலமும் ஓர் இடமும் வகுத்துக்கொண்டார்கள். அப்பக்கங்களின் பெயர்கள் எவ்வாறு பிறந்தன, அவற்றைக்கொண்டு அமைந்த ஏவற்சொல் எவ்வாறு ஒரு காலத்தில் தலைகீழான பொருள் தருவதாயிற்று, அக்குறை எவ்வாறு நீக்கப்பட்டது என்பவற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

ஆங்கிலக் கடலோடிகள் கப்பலின் வலப்பக்கத்தை 'ஸ்டார்போர்டு' என்பர். இச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், விண்மீனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நம் நினைவிற்கு வரும். மாலுமிகள் விண்மீன் பார்த்து வழி அறிந்தவர்கள் ஆதலால், அப்பெயர் அதனால் வந்தது போலும் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. உண்மை அது அன்று. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் 'ஸ்டியோர்போர்டு' என்றிருந்தது. திசை திருப்பும் பக்கம் என்பது அதன் பொருள். கப்பலின் பின்புற நடுவிலே சுக்கான் பொருத்தும் முறை ஐரோப்பாவில் பரவுவதற்கு முன்பு, ஒரு பெரிய துடுப்பைப் பின்பக்கத்தின் ஒரு புறத்தே கட்டி, அதைக்கொண்டே கப்பலைத் திருப்பினார்கள். மக்களிற் பெரும்பாலோர் வலக்கைப் பழக்கம் உடையவர்கள் ஆதலின், அத்துடுப்பு வலப்புறத்தே அமைந்தது. 1904ஆம் ஆண்டு நார்வே நாட்டில் ஓஸ்பெர்க் என்னும் இடத்தில் ஒரு புதைமேட்டை அகழ்ந்தபோது, ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கப்பல் ஒன்று வெளிப்பட்டது. அதன் திருப்புத்துடுப்பும் வலப்புறத்தில்தான் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆட்சி புரிந்த ஆல்பிரட் மன்னனிடம், ஓட்டெரே என்னும் நார்வே நாட்டுக் கடலோடி தன் வடகடற் பயணத்தை எடுத்துரைத்தான். அவன் சொன்னதை எழுதிவைத்த பழைய ஆங்கில உரைநடையிலேயே இச்சொல் ஆளப்பட்டுள்ளது. எனவே, இது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சொல்.

வலப்புறத் துடுப்பை இரு கையாலும் பற்றி நிற்பவனுக்கு, முதுகு கப்பலின் இடப்பக்கத்தை நோக்கியிருக்கும். ஆதலால் இடப்பக்கத்திற்கு 'முதுகுப்பக்கம்' என்றே பெயர் வந்தது. ஜெர்மனியரும் ஸ்காண்டிநேவியரும் பிரெஞ்சுக்காரரும் அச்சொல்லின் வழிவந்த வடிவங்களை இன்றும் வழங்குகின்றனர். ஆங்கிலேயர் மட்டும் அதைக் கைவிட்டு, 'லார்போர்டு' என்னும் சொல்லை ஆளலாயினர். அது சரக்கு ஏற்றும் பக்கம் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து வந்தது என்பர். துடுப்பு நீண்டிருக்கும் வலப்பக்கத்தைக் கற்கரையில் அணைத்தால் துடுப்பு நசுங்கிவிடும். ஆகவே, இடப்பக்கத்தையே கரையோடு அணைத்துச் சரக்கை ஏற்றினர். இவ்வாறு வலப்பக்கத்தின் பெயரும் தொழிலால் வந்தது. இடப்பக்கத்தின் பெயரும் தொழிலால் வந்தது.

ஆயினும், இவ்விரு பெயர்களிலும் ஒரு பெருங்குறை இருந்தது. ஸ்டார்போர்டு, லார்போர்டு என்று அமைதியான அறையில் உட்கார்ந்து சொல்லும்போதே இரண்டும் ஒத்து ஒலிக்கின்றன. புயற்காற்றில், முப்பது முழத்திற்கு அப்பால் நிற்பவன் காதில் அவற்றின் கடைப்பகுதிதான் விழும். ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு ஏவல்கள் ஒரே ஓசையுடன் முடிவது எத்துணை ஆபத்து! கடலோடிகளிற் பலர் தாமாகவே இடப்பக்கத்திற்குப் 'போர்ட்' என்னும் குறுஞ்சொல்லை வழங்கத் தொடங்கியிருந்தனர். துறைமுகத்தை நோக்கியிருக்கும் பக்கம் என்பது அதன் கருத்து. 1844ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம், இனிப் போர்ட் என்பதையே ஆள வேண்டும் என்று ஆணையிட்டது. 1846இல் அமெரிக்கக் கடற்படையும் அவ்வாறே விதித்தது. சொல்லின் அழகு கருதியோ, தூய்மை கருதியோ இம்மாற்றம் நிகழவில்லை. கேட்பவன் காதைக் கருதியே நிகழ்ந்தது. ஏவற்சொல்லுக்கு இலக்கணம் வகுப்பவன் சொல்பவன் அல்லன், கேட்பவனே என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

இனி, நம் நாட்டுக் கடலோடிகளை நோக்குவோம். கிழக்கிந்தியக் கும்பினியின் காலம் தொட்டு, பல்லாயிரம் இந்திய மாலுமிகள் ஆங்கிலேயர் கப்பல்களில் பணி புரிந்தனர். அவர்களை 'லஸ்கர்' என்று அழைத்தனர். படை என்று பொருள்படும் பாரசீகச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. நம் ஊர்களில் ஏரி மதகைத் திறந்து மூடும் பணியாளரையும் லஸ்கர் என்றே வழங்குகிறோம். கடலில் பிறந்த பெயர் ஏரிக்கரை வரை வந்து சேர்ந்திருக்கிறது. குஜராத்தியரும் கொங்கணியரும் வங்காளிகளும் மலையாளிகளும் தமிழரும் ஒரே கப்பலில் கலந்து பணியாற்றியதுண்டு. மேலே நின்று ஆணையிடும் அதிகாரியோ ஆங்கிலேயர். இத்தனை தாய்மொழிகள் கூடிய இடத்தில் எந்த மொழியில் ஏவுவது? அதற்கென்று கடலிலேயே ஒரு மொழி வளர்ந்தது. அதற்கு லஸ்கரி என்று பெயர்.

அம்மொழியில் கப்பலின் வலப்பக்கத்திற்கு 'ஜம்னா' என்பர். இடப்பக்கத்திற்கு 'தாவா' என்பர். ஜம்னா என்பதைப் பார்த்து யமுனை ஆற்றை நினைத்துவிடலாகாது. குஜராத்தி மொழியில் வலப்பக்கத்தைக் குறிக்கும் சொல் அது. உண்ணுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. அஃதாவது, உண்ணும் கை எதுவோ அதுவே வலக்கை. இதைக் கேட்டதும் நம் நாட்டுப்புறத்துத் தாய்மார்கள் குழந்தைக்கு வலக்கையைக் கற்பிக்கும்போது சொல்லும் 'சோற்றுக்கை' என்னும் சொல் நினைவிற்கு வரவில்லையா? வடகடலில் துடுப்புப் பிடித்தவன் கையும், நம் கடலில் சோறு உண்டவன் கையும் ஒரே வலக்கைதான். அந்தக் கையை வைத்தே இரு நாட்டாரும் கப்பலுக்குப் பக்கம் வகுத்தனர். வேறு வேறு மொழிகள். வேறு வேறு கடல்கள். அடியில் இருப்பது ஒரே மனித உடம்பு.

லஸ்கரி மொழியின் கலப்பு வியக்கத்தக்கது. மாலுமிக் கூட்டத்தின் தலைவரைச் 'சாரங்கு' என்றனர். அது தலைவன் என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லின் திரிபு. அவருக்கு அடுத்தவர் 'தண்டல்'. அது நம் தென்னாட்டுக் கரைகளில் வழங்கிய சொல். யாழ்ப்பாணக் கடற்கரையில் பாய்க்கப்பலின் தலைவரைத் 'தண்டையல்' என்று அழைத்தனர். சுக்கான் பிடிப்பவர் 'சுக்கானி'. சுக்கான் அரபு மொழியிலிருந்து வந்தது. முன் பாய்மரத்திற்கு வழங்கிய 'திரிக்கட்' என்பதும், மேற்பாய்க்கு வழங்கிய 'காவி' என்பதும் போர்த்துக்கேசியர் தந்த சொற்கள். கடற்கரையில் யார் யார் வந்து போனார்களோ, அவர்கள் எல்லாரும் அந்த மொழியில் ஒவ்வொரு சொல்லை விட்டுச் சென்றார்கள். அச்சொல் எந்த நாட்டது என்று கப்பலில் ஒருவரும் கேட்கவில்லை. அது எல்லோருக்கும் விளங்குகிறதா என்பதே கேள்வி.

இம்மொழியை ஆங்கில அதிகாரிகள் கற்றே தீர வேண்டியிருந்தது. சென்னைப் படையைச் சேர்ந்தவரும், கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் பணியாற்றியவருமான தாமஸ் ரோபக் என்பார், 1811இல் கல்கத்தாவில் ஒரு கப்பலகராதியை வெளியிட்டார். ஆங்கிலக் கடற்சொற்களையும் ஏவல்களையும் ஒரு பக்கத்தும், அவற்றுக்கு நேரான லஸ்கரிச் சொற்களை மறுபக்கத்தும் கொண்ட நூல் அது. அந்நூல் 1813இல் லண்டனிலும் அச்சேறியது. 1882இல் ஜார்ஜ் ஸ்மால் என்பார் அதைத் திருத்தி, லஸ்கரி அகராதி என்ற பெயரிலேயே வெளியிட்டார். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மீண்டும் அச்சிட வேண்டிய தேவை இருந்தது என்பதிலிருந்தே, எத்தனை கப்பல்கள் அம்மொழியால் இயங்கின என்பதை உய்த்துணரலாம். இதில் ஒரு முரண்பாடும் உண்டு. 1823ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் லஸ்கர்களைப் பிரிட்டிஷ் கடலோடிகளாகக் கருதலாகாது என்று விதித்தது. அவர்கள் மொழியை அதிகாரிகள் கற்றனர். அவர்கள் உரிமையைச் சட்டம் ஏற்கவில்லை.

இதுவரை பக்கங்களின் பெயரைப் பார்த்தோம். இனி, அப்பெயரைக்கொண்டு இட்ட ஏவலைப் பார்ப்போம். இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது.

சுக்கான் என்பது கப்பலின் பின்புறத்தில், நிலையில் கதவு தொங்குவதுபோல் கீலில் தொங்கும் பலகை. அதைத் திருப்புவதற்காக அதன் தலையிலிருந்து கப்பலின் உட்புறம் நோக்கி ஒரு தண்டு நீண்டிருக்கும். இதனைச் சுக்கான்தண்டு என்போம். கீலுக்கு இப்பக்கம் தண்டு; அப்பக்கம் பலகை. ஏற்றப்பலகையின் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயர்வதுபோல, தண்டை வலப்புறம் தள்ளினால் பலகை இடப்புறம் திரும்பும். பலகை இடப்புறம் திரும்பினால், முன்னோக்கிச் செல்லும் கப்பலின் முகமும் இடப்புறம் திரும்பும். ஆக, தண்டை வலத்தே தள்ளக் கப்பல் இடத்தே செல்லும்.

பெரிய பாய்க்கப்பல்களில் தண்டைப் பிடிப்பவர் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருந்தார். அவருக்குக் கடலும் தெரியாது, பாயும் தெரியாது. கப்பல் எங்கே போக வேண்டும் என்று அவருக்குச் சொல்லிப் பயன் இல்லை. அவர் கை என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொன்னாற் போதும். ஆகவே, கப்பலின் முகத்தை இடப்புறம் திருப்ப விரும்பிய அதிகாரி, 'ஸ்டார்போர்டு' என்று கூவினார். தண்டை வலப்புறம் தள்ளு என்பது அதன் பொருள். அந்தக் காலத்திற்கு அது முற்றிலும் பொருத்தமான ஏவல். உழைப்பவன் கையை நோக்கிச் சொன்ன சொல்லில் பிழை என்ன இருக்கிறது?

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுக்கான் சக்கரம் வந்தது. தண்டிலிருந்து கயிறுகள் மேற்தளத்திற்கு வந்து, ஒரு சக்கரத்தில் சுற்றப்பட்டன. நாளடைவில், சக்கரத்தை எந்தப் பக்கம் சுழற்றுகிறோமோ அந்தப் பக்கமே கப்பல் திரும்பும்படி அமைப்பது வழக்கமாயிற்று. நீராவிக் கப்பல்கள் வந்தபின் தண்டு இருக்கும் இடமே கண்ணுக்குப் புலப்படாமற் போயிற்று. சக்கரத்தின் முன் நிற்பவர் எதிரே கடலைக் காண்கிறார், இடப்புறம் சுழற்றுகிறார், கப்பலும் இடப்புறம் திரும்புகிறது. ஆனால், அவருக்கு வரும் ஏவல் மட்டும் பழையபடி 'ஸ்டார்போர்டு', அஃதாவது வலப்பக்கம்! கண்ணுக்குத் தெரியும் சக்கரமும் கப்பலும் ஒரு திசையில் செல்ல, காதில் விழும் சொல் மட்டும் எதிர்த்திசையைக் காட்டி நின்றது. கருவி மாறிவிட்டது, சொல் மாறவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 11 மணி 40 நிமிடத்திற்கு, வட அட்லாண்டிக் கடலில் டைட்டானிக் கப்பலின் எதிரே பனிமலை ஒன்று தோன்றியது. மேடையில் பொறுப்பில் நின்ற முதல் அதிகாரி மர்டாக், 'ஹார்ட் அ ஸ்டார்போர்டு' என்று ஆணையிட்டார். முழுவதும் ஸ்டார்போர்டு என்பது அதன் பொருள். சக்கரத்தைப் பிடித்திருந்த ஹிச்சென்ஸ் அதை இடப்புறம் முழுவதும் சுழற்றினார். கப்பலின் முகம் இடப்புறம் திரும்பத் தொடங்கியது. ஆயினும் காலம் போதவில்லை. பனிமலை கப்பலின் வலப்பக்கத்தை உராய்ந்து சென்றது. அன்றிரவு 2 மணி 20 நிமிடத்திற்குக் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர்.

இவ்வேவலைப் படிக்கும் இக்காலத்தவர் திகைக்கின்றனர். வலப்பக்கம் என்று ஆணையிட்டிருக்க, கப்பல் ஏன் இடப்பக்கம் திரும்பியது? ஆணையைத் தவறாகப் புரிந்துகொண்டு சக்கரத்தைத் தவறான பக்கம் சுழற்றியதால்தான் அழிவு நேர்ந்தது என்று, அக்கப்பலில் தப்பிப் பிழைத்த அதிகாரி ஒருவரின் பேத்தி 2010இல் கூறினார். உலகெங்கும் அது பேசப்பட்டது. ஆனால், சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. ஹிச்சென்ஸ் உயிர் தப்பி, அமெரிக்க விசாரணையிலும் பிரிட்டிஷ் விசாரணையிலும் சாட்சியம் அளித்தார். இட்ட ஆணையும் செய்த செயலும் ஒத்திருந்தன. அன்றைய பிரிட்டிஷ் கப்பல்களில் எல்லாம் அதே ஏவல் முறைதான். அதில் பழகியவர் அவர். கப்பலை அழித்தவை அதன் வேகமும் நேரக்குறைவும். உயிர்ப்பலியைப் பெருக்கியது படகுகளின் பற்றாக்குறை. 2,200 பேருக்கு மேல் இருந்த கப்பலில், 1,178 பேருக்கே இடந்தரும் 20 படகுகள் இருந்தன. டைட்டானிக் ஒரு சொல்லால் மூழ்கவில்லை. ஆயினும், நூறாண்டு கழிந்த பின்னும் அந்தச் சொல்லின்மேல் ஐயம் எழுகிறதே, அதுவே அச்சொல்லின் குறையைக் காட்டும் சான்று.

அக்குறையின் உண்மையான அபாயம் பல நாட்டுக் கப்பல்கள் கூடும் துறைமுகங்களில் இருந்தது. ஒவ்வொரு துறைமுகத்திலும் வழிகாட்டி ஒருவர் வந்து, அயல்நாட்டுக் கப்பலில் ஏறி, அதை உள்ளே கொண்டுவருவார். சில நாடுகள் பழைய முறையைக் கைவிட்டு, வலப்பக்கம் என்றால் கப்பல் வலப்பக்கமே திரும்ப வேண்டும் என்று மாற்றிக்கொண்டிருந்தன. அமெரிக்கக் கடற்படை 1913லேயே ஸ்டார்போர்டு, போர்ட் என்னும் சொற்களைச் சுக்கான் ஏவலிலிருந்து நீக்கி, சாதாரண வலம், இடம் என்னும் சொற்களை ஆளத் தொடங்கியது. பிரிட்டிஷ் கப்பல்களோ பழைய முறையிலேயே நின்றன. காலையில் ஒரு கப்பலில் ஒரு பொருள். மாலையில் மற்றொரு கப்பலில் நேர் எதிரான பொருள். அந்த வழிகாட்டியின் நாவில் எத்தனை உயிர்கள் ஊசலாடியிருக்கும்!

பிழை தெரிந்த பின்னும் ஏன் திருத்தவில்லை என்று கேட்கலாம். அதற்கும் காரணம் இருந்தது. அமைதியான வேளையில் மனிதன் அறிவால் நடக்கிறான். ஆபத்து வேளையில் பழக்கத்தால் நடக்கிறான். முப்பது ஆண்டுகளாக 'ஸ்டார்போர்டு' என்ற ஒலி கேட்டவுடன் சக்கரத்தை இடப்புறம் சுழற்றிய கை, புதிய விதி வந்த மறுநாள் இருளில் மோதல் நெருங்கும்போது எந்தப் பக்கம் சுழற்றும்? பிழையான சொல்லும்கூட எல்லோரும் ஒருபடியாகப் புரிந்துகொண்டால் கப்பலைக் காக்கும். சரியான சொல்லும் பாதிப்பேருக்கே விளங்கினால் கப்பலை அழிக்கும். ஆகவே, மாற்றுவதானால் எல்லாரும் சேர்ந்தே மாற்ற வேண்டியிருந்தது.

அவ்வாறே செய்தனர். 1929ஆம் ஆண்டு லண்டனில் கூடிய கடல் உயிர்ப் பாதுகாப்பு மாநாட்டின் உடன்படிக்கை, இதற்கு ஒரு தெளிவான விதியை வகுத்தது. கப்பல் முன்னோக்கிச் செல்லும்போது வலப்பக்கம் என்று ஏவினால், சக்கரமும் சுக்கான் பலகையும் கப்பலின் முகமும் ஆகிய மூன்றும் வலப்பக்கமே திரும்ப வேண்டும் என்பது அவ்விதியின் சாரம். பிரிட்டிஷ் கப்பல்களுக்கு 1933ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு அது சட்டமாயிற்று. அமெரிக்க வணிகக் கப்பல்களுக்கு 1935ஆம் ஆண்டுச் சட்டம் அதை விதித்தது. 1932 டிசம்பர் 31ஆம் நாள் இரவு, பிரிட்டிஷ் கொடியின் கீழ் நடுக்கடலில் ஓடிய கப்பல்களை நான் சில வேளைகளில் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. நள்ளிரவு மணி அடிப்பதற்கு முன் இடப்புறம் திருப்பிய அதே சொல், மணி அடித்தபின் வலப்புறம் திருப்ப வேண்டும். அந்தச் சக்கரங்களின் முன் நின்றவர்களுள் நம் நாட்டுச் சுக்கானிகளும் உண்டு. வாழ்நாள் முழுதும் கற்றதை ஒரே இரவில் கை மறக்க வேண்டியிருந்தது. அவர்கள் பெயரை எந்த வரலாறும் எழுதி வைக்கவில்லை. ஆனால், அந்த மாற்றத்தின் சுமையைத் தாங்கியவர்கள் சட்டம் இயற்றியவர்கள் அல்லர், சக்கரம் பிடித்தவர்களே.

பழக்கத்தை வெல்ல அவர்களுக்குத் துணையாக நின்றது கடலின் மற்றொரு பழைய மரபு. ஏவல் பெற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதே அம்மரபு. 'போர்ட் டென்' என்று அதிகாரி சொன்னால், சக்கரம் பிடிப்பவர் தலையசைத்து விடக்கூடாது. 'போர்ட் டென்' என்று அப்படியே மறுமொழி சொல்ல வேண்டும். சுக்கான் இடப்புறம் பத்துப் பாகைக்கு வந்து நின்றதும், வந்து நின்றது என்று மீண்டும் அறிவிக்க வேண்டும். சொன்னது ஒன்று, கேட்டது ஒன்றாக இருந்தால் அந்த மறுமொழியிலேயே பிழை வெளிப்பட்டுவிடும். வீட்டிலும் அலுவலகத்திலும் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் நமக்குக் கோபம் வரும். கடலிலோ, திருப்பிச் சொல்லாவிட்டால்தான் கோபம் வரும்.

இன்று உலகக் கப்பல்களில் பெரும்பாலும் பல நாட்டவர் ஒன்றாகப் பணி புரிகின்றனர். அவர்களுக்கென்று 1977இல் ஒரு பொதுச் சொற்றொகுதியும், அதற்குப் பதிலாக 2001இல் விரிவான பொதுத் தொடர்த்தொகுதியும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் ஆதரவில் வகுக்கப்பட்டன. அதில் சுக்கான் ஏவல்களுக்குத் தனி இடம் உண்டு. 'மிட்ஷிப்ஸ்' என்றால் சுக்கானை நடுவில் நிறுத்து. 'ஸ்டெடி' என்றால் கப்பல் திரும்புவதை விரைவில் அடக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள். மற்றொரு பொருளுக்கு இடமே இல்லை. ஒரு வகையில், இது பழைய லஸ்கரி மொழியின் புதிய பிறவி என்றே எனக்குத் தோன்றுகிறது. அன்று, பல மொழியாளர் கூடிய கப்பலில், யாரும் திட்டமிடாமலே ஒரு பொதுமொழி வளர்ந்தது. இன்று, அதே தேவைக்கு நாடுகள் கூடித் திட்டமிட்டு ஒரு பொதுமொழி வகுத்திருக்கின்றன. சென்னையில் தலைமையிடம் கொண்டு 2008இல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் பயிலும் நம் இளைஞர்களும், இந்தத் தொடர்களைக் கற்றுக்கொண்டே கப்பல் ஏறுகின்றனர்.

இந்த வரலாற்றிலிருந்து தமிழராகிய நாம் பெறக்கூடிய பாடம் ஒன்று உண்டு. சுக்கான், மாலுமி, நங்கூரம் ஆகியவற்றை நாம் தமிழ்ச் சொற்களாகவே ஆளுகிறோம். முன்னிரண்டும் அரபு மொழியிலிருந்தும், பின்னது பாரசீகத்திலிருந்தும் வந்தவை. நாம் உலகிற்குக் கட்டுமரம் என்னும் சொல்லைத் தந்தோம். ஆங்கிலம் அதை ஏற்றுக்கொண்டது. மீகாமன் என்னும் அருந்தமிழ்ச் சொல்லும் நம் பழைய காப்பியங்களில் உண்டு. கலைச்சொல் ஆக்குவோர் எந்தச் சொல்லை ஏற்பது, எதை விடுவது என்று வாதாடுவது இயல்பே. கடலோடிகளைக் கேட்டால் அவர்கள் மூன்று கேள்விகளைத்தான் கேட்பார்கள். அச்சொல்லுக்கு ஒரு பொருள்தானா? இரைச்சலிலும் வேறொன்றோடு மயங்காமல் கேட்குமா? கருவி மாறும்போது சொல்லையும் மாற்ற நாம் அனைவரும் உடன்படுவோமா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை சொல்லும் சொல் எந்தக் கரையிலிருந்து வந்தாலும் நல்ல சொல்லே.

மற்றொன்றும் உண்டு. தூத்துக்குடித் தோணிகளில் பாயின் இடத்தை இயந்திரம் பெற்றுவிட்டது. பாய் இறங்கும்போது, பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் வழங்கிய ஏவற்சொற்களும் உடன் இறங்கிவிடுகின்றன. வடநாட்டுக் கப்பல்களின் சொற்களை ஓர் அயல்நாட்டவர் 1811இலேயே அகராதியாக்கினார். நம் தோணிக்காரர்களின் சொற்களோ, பெரும்பாலும் முதியவர் சிலரின் நினைவில்தான் இருக்கின்றன. கரையோர ஊர்களில் வாழும் இளைஞர்கள் ஒரு குறிப்பேட்டோடு அவர்கள் அருகே சென்று அமர்வார்களானால், எந்தக் காற்றுக்கு என்ன பெயர், எந்தக் கயிற்றுக்கு என்ன பெயர், கரை நெருங்கும்போது தண்டல் என்ன சொல்லிக் கூவினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதும்போது, கடலின் மரபைப் பின்பற்றி, கேட்டதை ஒருமுறை அவர்களிடமே திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நூல் எழுதுபவனுக்கும் சுக்கான் பிடிப்பவனுக்கும் அம்மரபு ஒன்றே.